ஃபிட்டிங் இலவசம்

என் விசிட்டிங் கார்டில் ‘வனமாமலை, மரத்தரை ஆலோசகர்’ என்று இருக்கும். ஆலோசகர் என்பது நானாகப் போட்டுக்கொண்டது. அந்தக் கார்டை அச்சடித்த நாளில் நான் மொத்தம் நாலு வீட்டுக்கு மரத்தரை விற்றிருந்தேன். அதில் ஒன்று என் மைத்துனன் வீடு, அதுவும் பாதி ஹால்.

அதற்கு முன்னால் பதினோரு வருஷம் ஒரகடத்தில் கார் சீட்டுக்கு உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டராக இருந்தேன். நாங்குநேரிப் பக்கத்திலிருந்து டிப்ளமோ முடித்த கையோடு பையைத் தூக்கிக்கொண்டு வந்தவன். லைனில் வருகிற கம்பியையும் தகட்டையும் அளந்து பார்த்து, சரியாக இருந்தால் பச்சை ஸ்டிக்கர், இல்லையென்றால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது வேலை. பதினோரு வருஷம் அடுத்தவன் தப்பைக் கண்டுபிடித்தே சம்பளம் வாங்கினவனுக்கு, தப்பு என்பது அடுத்தவன் செய்கிற ஒன்று என்று மனசில் பதிந்துவிடும். எனக்கு ஆழமாகவே பதிந்திருந்தது.

கம்பெனி அந்த லைனை மூடியபோது கொடுத்த தொகையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். சென்னையில் மரத்தரை விற்கிற ஒரு கடைக்கு இந்தப் பக்கத்து ஆர்டர்களைப் பிடித்துக் கொடுக்க ஆரம்பித்தேன். வெளிநாட்டு இன்ஜினியர்கள் தங்குகிற வீடுகள் இங்கே கூடிக்கொண்டிருந்ததால் பிழைப்பு மோசமில்லை. என் பெயரிலேயே வனம் இருக்கிறது என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லுவேன். ஒருவரும் சிரித்ததில்லை. ஆனாலும் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.

தரையை உண்மையில் போடுகிறவர் இசக்கி. அவரும் எங்கள் பக்கத்துக்காரர், என் வயசுதான், குன்றத்தூரில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். காலை ஏழு மணிக்கே வேலை இடத்துக்குப் போய்விடுவார். நான் பத்து மணிக்கு மேல் போய், இடுப்பில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பேன். ஒரு பலகையைக் குனிந்து தடவிப் பார்த்து, “நல்லாருக்கு இசக்கி” என்பேன். இப்படி இருபத்திரண்டு வீடு முடித்திருந்தோம். முடித்திருந்தோம் என்று சொல்லும்போது எனக்குக் கூச்சம் ஒன்றும் வந்ததில்லை.

இந்தக் கதையில் வருகிற வீடு வல்லக்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறது. வீட்டுக்காரர் கனகலட்சுமி அம்மா. நிலத்தில் பாதி கம்பெனிக்குப் போக, மீதியில் மூன்று மாடி கட்டியிருந்தார். கீழ் இரண்டு தளத்திலும் ஷிப்டுக்குப் போகிற பெண்கள் வாடகைக்கு இருந்தார்கள். மேல் தளத்தில் ஒரு பெரிய அறையும் அதை ஒட்டி ஒரு பாத்ரூமும். ஒரு ஜப்பான் கம்பெனியின் அட்மின் பிரிவிலிருந்து ஜாஸ்மின் என்ற பெண் வந்து பார்த்துவிட்டு, மரத்தரை போட்டுக் கொடுத்தால் தங்கள் இன்ஜினியருக்கு அந்த அறையை எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிப் போயிருந்தாள். அதனால்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

அறை பதினாறுக்குப் பதினாலு. இருநூற்று இருபத்துநாலு சதுர அடி. அதற்கு நான் கலரில் ஐந்து பக்கக் கொட்டேஷன் அடித்துக்கொண்டு போனேன். முதல் பக்கத்தில் ஒரு காட்டின் படம். இரண்டாவது பக்கம் முழுக்க, நான் விற்கிற ஓக் பலகை எப்படித் தொழிற்சாலையிலேயே இழைத்து, ஏழு முறை பூச்சுக் கொடுத்து, காய்ந்து, முழுசாக முடிந்து பெட்டியில் வருகிறது என்ற விளக்கம். வீட்டில் வைத்து இழைக்க வேண்டாம், பாலிஷ் போட வேண்டாம், நாற்றம் இல்லை, தூசி இல்லை, போட்ட அன்றைக்கே நடக்கலாம். இதை எழுதிக் கொடுத்தது மட்டுமல்ல, அந்தம்மா முன்னால் எழுந்து நின்று நடித்தும் காட்டினேன். பெட்டியைத் திறக்கிற மாதிரி ஒரு கையசைவு, பலகையைக் கீழே வைக்கிற மாதிரி ஒரு கையசைவு, அவ்வளவுதான் மேடம், வேலை முடிந்தது என்றேன்.

கனகலட்சுமி அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஐந்தாம் பக்கத்தில் விரலை வைத்தார். அங்கே ஃபிட்டிங் சார்ஜ் என்று பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் போட்டிருந்தேன்.

“பொட்டியத் தொறந்தா வேலை முடிஞ்சிச்சுன்னு நீங்கதான சொன்னீங்க. அப்போ இது இன்னாத்துக்கு சார்?”

அதற்குப் பதில் உண்டு. தரை மட்டம் பார்க்க வேண்டும், அடியில் பிளைவுட் போட்டு முடுக்க வேண்டும், ஒவ்வொரு வரிசையும் நேராக இருக்கிறதா என்று பார்த்து ஆணி அடிக்க வேண்டும், மூலைக்கு மூலை வெட்ட வேண்டும். இன்றைக்குக் கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்லுவேன். அன்றைக்கு அரைமணி நேரம் நடித்துவிட்டு, அந்த நடிப்புக்கே எதிராகப் பேச எனக்கு வாய் வரவில்லை. அவர் விட்டுவிடவும் இல்லை. மேல் வரியில் வேஸ்டேஜ் பத்து சதவீதம் என்றிருந்ததைக் காட்டி, வீணாகப் போகிறதுக்கு நான் ஏன் துட்டு கொடுக்க வேண்டும் என்று கேட்டார். நான் பதிமூன்று பெட்டி போட்டிருந்ததைப் பன்னிரண்டாகக் குறைத்தேன். அத்தோடு நின்றிருக்கலாம். ஆனால் அவர் முகத்தில் இன்னும் ஒரு சந்தேகம் தெரிந்தது. சந்தேகம் தெரிந்தால் தாங்காத மனசு எனக்கு. பேனாவை எடுத்து அந்த ஃபிட்டிங் வரியைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் ‘இலவசம்’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

வண்டியில் திரும்பும்போதுதான் கணக்கு தலையில் ஏறியது. இசக்கிக்குக் கூலி கொடுத்தால் எனக்கு மிஞ்சுவது பெட்ரோல் காசு. கடைக்காரரிடம் விலை குறைக்கக் கேட்கலாம், அவர் சிரிப்பார். கனகலட்சுமி அம்மாவிடமே திரும்பிப் போய் உண்மையைச் சொல்லலாம். அது என் யோசனையில் வரவே இல்லை. ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டீ குடிப்பதற்குள் நான் வேறு ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். தரையை நானே போடுவது. இருபத்திரண்டு வீட்டில் நின்று பார்த்தவனுக்கு இருபத்துமூன்றாவது வீட்டில் போடத் தெரியாதா?

இசக்கியிடம் அந்தத் தேதிகளை ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தேன். வேலை ஆரம்பிக்க இரண்டு நாள் இருக்கும்போது போன் செய்து, பார்ட்டி கேன்சல் பண்ணிவிட்டார்கள் என்று சொன்னேன். சரி அண்ணாச்சி என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்வதற்கு ஒரு முழுக் கதையே தயாராக வைத்திருந்தேன். அது வீணானதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட.

ஆணி அடிக்கிற கன், அதற்கு ஒரு கம்ப்ரஸர், ஸ்டாண்டில் நிற்கிற ஒரு அரம்பம், மூன்றையும் படப்பையில் வாடகைக்கு எடுத்தேன். பெட்டிகளை நாலு நாள் முன்னாலேயே அறைக்குள் அடுக்கி வைத்திருந்தேன். மரம் அந்த இடத்துக் காற்றுக்குப் பழக வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அந்த மாதிரி விஷயங்கள் எல்லாம் எனக்குத் தெரியும்.

முதல் நாள் பழைய தரைக்கு மேல் பன்னிரண்டு மில்லிமீட்டர் பிளைவுட்டைப் போட்டு முடுக்கினேன். அது நன்றாகவே அமைந்தது. அமைந்ததும் என்னுள் இருந்த இன்ஸ்பெக்டர் எழுந்தான். அறைக் கதவு உள்பக்கமாகத் திறக்கிற தேக்குக் கதவு. கதவின் அடிக்கும் பிளைவுட்டுக்கும் நடுவே இடைவெளி போதுமா என்று, கம்பெனிக் காலத்திலிருந்து பையிலேயே வைத்திருக்கிற, கத்தி கத்தியாக மெல்லிய தகடுகள் உள்ள கேஜை விட்டுப் பார்த்தேன். இரண்டு மில்லிமீட்டர். கதவைத் திறந்து மூடினேன், எங்கும் உரசவில்லை. பென்சிலை எடுத்து நிலைக்கட்டையில் ‘க்ளியரன்ஸ் 2 மி.மீ., ஓகே’ என்று எழுதி, தேதி போட்டு, இனிஷியலும் வைத்தேன். அந்த பிளைவுட்டுக்கு மேல் பதினெட்டு மில்லிமீட்டர் ஓக் வரப்போகிறது என்பது அந்த நிமிஷம் உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். அந்த எனக்கே தோன்றவில்லை.

இரண்டாம் நாள் பலகை. ஜன்னல் சுவரிலிருந்து ஆரம்பித்துக் கதவுச் சுவரை நோக்கி வர வேண்டும். முதல் வரிசை கோணலாகப் போனது. பிடுங்கிவிட்டு மறுபடி போட்டேன். மறுபடியும் கோணல், ஆனால் இந்த முறை எதிர்ப்பக்கம். ஆணி கன் என் கையில் தன் இஷ்டத்துக்குச் சுட்டது. பலகையின் ஓரத்தில் ஒன்றை ஒன்று கவ்வுவதற்கு இருக்கிற மெல்லிய நாக்கை அது பிளந்துகொண்டே இருந்தது. பிளந்த பலகைகளைப் பாத்ரூமில் மறைத்து வைத்தேன். இசக்கி ஒன்றரை நாளில் முடிக்கிற அறையில் நான் அன்று மாலைக்குள் ஆறு வரிசைதான் போட்டிருந்தேன்.

போதாததற்கு கனகலட்சுமி அம்மா பக்கத்து வீட்டுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்து வந்து வேடிக்கை காட்டினார். நைட் ஷிப்ட் முடிந்து வந்த பெண்களும் படியேறி வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தூங்கப் போனார்கள். நான் போனில் வீடியோ பார்த்துப் பார்த்துத்தான் வேலை செய்கிறேன் என்பது தெரிந்துவிடும் என்று எனக்குப் பயம். மூன்றாம் நாள் காலையில் ஆணி தெறிக்கும் மேடம், யாரும் வரக்கூடாது என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். நடைபாதைப் பக்கம் கம்பி போட்ட ஒரு ஜன்னல் உண்டு. அதில் ஒரு பெட்ஷீட்டைத் தொங்கவிட்டேன்.

அந்தத் தனிமையில் வேலை உண்மையிலேயே வேகமாக நடந்தது. கை பழகியிருந்தது. மூன்று மணி சுமாருக்குக் கதவுக்கு முன்னால் கடைசிப் பலகையை வைத்துத் தட்டினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. பன்னிரண்டு பெட்டியும் காலி. முழுப்பலகை என்று ஒன்றுகூட மிச்சமில்லை. முதுகை நிமிர்த்திப் பார்த்தேன். தேன் நிறத்தில், சுவருக்குச் சுவர், அறை பளபளத்தது. கண் லேசாகக் கலங்கியது என்று சொன்னால் நம்ப வேண்டும். இரண்டு நிமிஷம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன். முதன்முதலாக அதற்குத் தகுதியோடு நிற்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது கனகலட்சுமி அம்மா டீ கொண்டுவந்து கதவைத் தட்டினார்.

தாழ்ப்பாளை இழுத்தேன். கைப்பிடியைப் பிடித்து இழுத்தேன். கதவு வரவில்லை. காலையில் தூறல் போட்டதில் மரம் உப்பியிருக்கும் என்று பட்டது. சுவரில் ஒரு காலை ஊன்றி இழுத்தேன். பிறகுதான் கீழே பார்த்தேன். கதவின் அடிப்பாகம் தெரியவில்லை. அது என் தரைக்குப் பின்னால் இருந்தது. நான் போட்ட தரை கதவுக்கு முன்னால் ஒரு குட்டிச் சுவர் மாதிரி எழும்பி, அந்தக் கதவு இனி உள்பக்கம் திறக்கவே முடியாதபடி நின்றது. நிலைக்கட்டையில் என் கையெழுத்தில் ஓகே என்று எழுதியிருந்தது.

வெளியிலிருந்து அந்தம்மா, தாழ்ப்பாளை எடுத்தாச்சா என்று கேட்டார். எடுத்துவிட்டேன், ஃபினிஷிங் நடக்கிறது என்றேன். அப்படியானால் டீ ஆறிவிடுமே என்றார். பெட்ஷீட்டை விலக்கி ஜன்னல் கம்பி வழியாக டம்ளரை வாங்கிக்கொண்டேன். என்னையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார். ஜெயிலில் மகனைப் பார்க்க வந்த தாய் மாதிரி நின்றார். பிறகு படியிறங்கிப் போய்விட்டார்.

டீயைக் குடித்துக்கொண்டே வழி தேடினேன். கீலைக் கழற்றலாம் என்றால் திருகாணி எல்லாம் கதவு மூடியிருக்கும்போது உள்ளே மறைந்துவிடும். ஜன்னல்களில் கம்பி. அரம்பம் ஸ்டாண்டோடு பொருத்தியது, கதவுகிட்டே போகாது. கடைசி மூன்று வரிசையை உடைத்து எடுத்துவிடலாம். உடைத்தால் திருப்பிப் போடப் பலகை இல்லை. பதிமூன்றாவது பெட்டி இருந்திருந்தால் இருந்திருக்கும். சென்னையிலிருந்து புதுப் பெட்டி வர ஒரு வாரம் ஆகும். தரையைப் பார்க்க ஜாஸ்மின் அன்றைக்கு நாலு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். என் மனைவி சுகப்பிரியாவுக்குப் போன் செய்யலாமா என்று பார்த்தேன். அவள் தன் கம்பெனி லைனில் வேலையில் இருப்பாள், ஷிப்ட் முடிகிறவரை போன் லாக்கருக்குள். அவளிடம் சொல்லியும் என்ன ஆகப்போகிறது, சிரிக்கத்தான் போகிறாள்.

கடைசியில் இசக்கியைக் கூப்பிட்டேன். ஒரே ரிங்கில் எடுத்தார். ஒரு சின்னச் சிக்கல் என்றேன். ஒரு கதவு என்றேன். திறக்கவில்லை என்றேன்.

“கதவுக்கு அடியில எவ்வளவு எடுத்திய?” என்று கேட்டார்.

எடுக்கவில்லை என்றேன்.

“நீங்க உள்ள நிக்கியளா, வெளிய நிக்கியளா?”

“உள்ள.”

வாறேன் என்று வைத்துவிட்டார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இருபத்திரண்டு வீட்டிலும் அவர் செய்த முதல் வேலை கதவைக் கழற்றி, அடியைச் சீவி, திரும்ப மாட்டுவது. ஏழு மணிக்கு ஆரம்பித்து ஒன்பதுக்குள் முடித்துவிடுவார். பத்து மணிக்கு நான் போகும்போது கதவு கதவாகத்தான் இருக்கும்.

நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னாலேயே ஜாஸ்மின் வந்துவிட்டாள். முப்பது வயசு இருக்கும், கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை, கையில் ஒரு டேப்லெட். கனகலட்சுமி அம்மா அவளை நேராக ஜன்னலுக்கே கூட்டிக்கொண்டு வந்தார். நான் பெட்ஷீட்டை முழுசாக விலக்கி, மியூசியத்தில் விளக்கம் சொல்கிறவன் மாதிரி உள்ளே நின்றுகொண்டு ஓக்கின் கடினத்தன்மையைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். ஜாஸ்மின் கம்பி வழியாகத் தரையைப் பார்த்தாள், அழகாக இருக்கிறது என்றாள். உள்ளே வந்து பார்க்கலாமா என்று கேட்டாள். இன்றைக்கு நடக்கக்கூடாது, நாளைக்கு வாருங்கள் என்றேன்.

“உங்க கொட்டேஷன மேடம் எனக்கு வாட்ஸ்அப்ல அனுப்பினாங்க சார். போட்ட அன்னிக்கே நடக்கலாம்னு ரெண்டாவது பக்கத்துல போட்டிருக்கீங்க.”

“கதவு திறக்காதும்மா” என்றேன். அவளிடம் இல்லை, கனகலட்சுமி அம்மாவிடம். அதுவரை மேடம் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

விஷயத்தைச் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே படியில் இசக்கியின் செருப்புச் சத்தம் கேட்டது. தோளில் பை, கையில் கட்டிங் மெஷின். ஜன்னலில் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்துவிட்டு, கதவுக்கு முன்னால் உட்கார்ந்து அடியில் விரல் விட்டுப் பார்த்தார். வெளியிலிருந்து கதவை அப்படியே நின்றபடி அறுக்க வேண்டும் என்றார். கனகலட்சுமி அம்மா பதறிப்போனார். தேக்குக் கதவு, இருபத்தெட்டாயிரம் கொடுத்து வாங்கியது, வேண்டுமானால் அந்தாளு போட்ட மரத்தை உடைத்து எடு என்றார். அந்தாளு நான்தான். எப்படி இருந்தாலும் இந்தக் கதவை முக்கால் அங்குலமாவது சீவித்தான் ஆகணும்மா, முதல் நாளே செய்திருக்க வேண்டியது, அதை இன்றைக்குச் செய்கிறோம், அவ்வளவுதான் என்று இசக்கி நிதானமாகச் சொன்னார். அந்தம்மா அடங்கினார். அவர் என் பேச்சுக்கு ஒரு தடவையும் அப்படி அடங்கியதில்லை.

இசக்கி பென்சிலால் கோடு போட்டார். அந்தப் பக்கம் கீழே ஒரு துணியை விரித்து வையுங்கள், பிளேடு உள்ளே எட்டிப் பார்க்கும், தள்ளி நில்லுங்கள் என்றார். பெட்ஷீட்டை மடித்துத் தரையில் வைத்தேன். அவர் மெஷினை இன்னும் ஓடவிடவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் இருந்ததால், அவர் முகம் தெரியாததால், எனக்குச் சொல்ல வந்தது.

“இசக்கி, பார்ட்டி கேன்சல் பண்ணல. நான்தான் பொய் சொன்னேன்.”

“தெரியும் அண்ணாச்சி.”

“எப்படித் தெரியும்?”

“ஆணி கன் வாடகைக்கு எடுத்தியள்லா. படப்பைக் கடைக்காரர் அன்னைக்கே எனக்குப் போன் போட்டு, என்ன, உங்க அண்ணாச்சி வந்து எடுத்துட்டுப் போறாருன்னு கேட்டாரு.”

“அப்ப ஏன் என்கிட்ட ஒண்ணும் கேக்கல?”

“என்னத்தக் கேக்க” என்றார். “இந்தத் தேதிக்குன்னு குன்றத்தூர்ல வந்த ஒரு வேலையையும் விட்டுட்டேன். மூணு நாளா ரூம்லதான் கெடந்தேன்.”

கனகலட்சுமி அம்மாவும் ஜாஸ்மினும் அங்கேதான் நின்றார்கள். இசக்கி மெஷினை ஓடவிட்டார்.

பிளேடு கதவின் இந்தப் பக்கம் ஒரு நூல் அளவுக்கு எட்டிப் பார்த்தது. அப்படியே இடமிருந்து வலமாக, என் தரைக்கு மேல் ஒரு தகடு உயரத்தில், ஒரே நேர்கோடாக நகர்ந்துபோனது. தேக்கு வாசனை அறை முழுக்கப் பரவியது. இரண்டு ஓரத்திலும் மெஷின் எட்டாத இடத்தைக் கை அரம்பத்தாலும் உளியாலும் எடுத்தார். மொத்தம் இருபது நிமிஷம். பிறகு வெளியிலிருந்து ஒரு தள்ளு தள்ளினார். கதவு என் தரைக்கு மேல் சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு திறந்தது. நான் ஓரமாக ஒதுங்கி நின்றேன். வேறு எங்கே நிற்பது என்று தெரியவில்லை.

அறுத்த கீழ்த்துண்டு இரண்டு நிலைக்கும் நடுவே அப்படியே நின்றது. அதை என்ன செய்வது என்று அந்தம்மா கேட்டார். இசக்கி கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். உப்புத்தாளால் மேல் விளிம்பைத் தேய்த்து, அதே இடத்தில் வைத்து முடுக்கி, தரைக்கும் அதற்கும் நடுவில் இருந்த இடைவெளியை ஒரு மெல்லிய சட்டம் வைத்து மூடினார். நடைபாதையிலிருந்து அறைக்குள் ஏறுகிற இடத்தில் தேக்கில் ஒரு சின்னப் படி வந்துவிட்டது. ஜாஸ்மின் செருப்பைக் கழற்றிவிட்டு அதில் ஏறி உள்ளே வந்தாள். ஜப்பானில் வீட்டுக்குள் ஏறுகிற இடத்தில் இப்படி ஒரு படி இருக்கும், செருப்பை அங்கேதான் விடுவார்கள், எங்கள் ஆளுக்கு இது ரொம்பப் பிடிக்கும் என்றாள். அதற்காகத்தான் அப்படி விட்டோம் என்று சொல்ல எனக்கு வாய் திறந்தது. மூன்று பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மூடிக்கொண்டேன்.

அறையை எடுத்துக்கொள்கிறோம் என்று ஜாஸ்மின் சொல்லிவிட்டுப் போனாள். கனகலட்சுமி அம்மா எனக்குப் பேசிய பணத்தைக் குறைக்காமல் கொடுத்தார். கொடுக்கும்போது பாத்ரூமில் கிடக்கிற பலகையெல்லாம் யாருடையது என்று கேட்டார். என்னுடையது என்றேன்.

வெளியே வந்து, வண்டி பக்கத்தில் நின்று, ஃபிட்டிங் கூலி முழுசையும் எண்ணி இசக்கியிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. நான் போடாத தரைக்கு எனக்கு எதுக்குக் கூலி என்றார். மூன்று நாள் சம்பளத்தையும் கதவு அறுத்ததற்கு ஆயிரமும் மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியை என் சட்டைப் பையிலேயே வைத்தார். மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. கோபம் என்றும் சொல்லவில்லை. அந்த மூணாவது வரிசை ஜன்னல் பக்கம் லேசா கோணல் என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். எனக்கு அது நேராகத்தான் தெரிந்தது. இரண்டு நாள் கழித்துப் போய்ப் பார்த்தேன். கோணல்தான்.

சுகப்பிரியாவிடம் அன்றிரவே எல்லாவற்றையும் சொன்னேன். எதிர்பார்த்தபடி சிரித்தாள். சிரித்து முடித்ததும், இசக்கியின் மூன்று நாளைப் பற்றிச் சொன்ன இடத்தில் முகம் மாறியது. அதன்பிறகு அவள் என்னிடம் கொஞ்ச நேரம் பேசவில்லை. அதுதான் கதவுக்கு உள்ளே இருந்ததைவிடக் கஷ்டமாக இருந்தது.

ஒரு மாதம் கழித்துக் கனகலட்சுமி அம்மா போன் செய்தார். அவர் தங்கை வீட்டிலும் ஒரு அறைக்கு மரத்தரை வேண்டுமாம். ஒரே நிபந்தனை, அந்தக் கதவு அறுத்த அண்ணனையும் கூட்டிக்கொண்டு வர வேண்டும். இசக்கிக்குப் போன் செய்து, இந்த முறை நிஜமாகவே பார்ட்டி இருக்கிறது என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி, வருகிறேன் என்றார்.

தங்கை வீட்டுக்குப் போனபோது நான் காட்டின் படம் போட்ட கொட்டேஷனைப் பையில் வைத்திருந்தேன். எடுக்கவில்லை. இசக்கி கதவுகளைத் திறந்து மூடிப் பார்த்தார், தரையில் மட்டக்கோலை வைத்துப் பார்த்தார், பிறகு அறைக்கு எவ்வளவு ஆகும் என்று ஒரே வாக்கியத்தில் சொன்னார். சதுர அடிக்கு என் விலையைவிட முப்பது ரூபாய் அதிகம். ஃபிட்டிங் தனி. தங்கையம்மா சரி என்றார். எப்போது ஆரம்பிப்பீர்கள் என்று கேட்டார். அவ்வளவுதான்.

நான் ஏதாவது சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அதற்குள் இசக்கி டேப்பை இழுத்து, அந்த முனையை ஒரு கை பிடிங்க அண்ணாச்சி என்று என்னிடம் நீட்டினார். சுவரோரம் குனிந்து பிடித்துக்கொண்டேன். இன்னும் கொஞ்சம் கீழே என்றார். இன்னும் குனிந்தேன்.